முட்டு மாற்ற ரோபோ வேண்டுமா? மஸ்கட்டிலிருந்து கேட்ட தம்பிக்கு

மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அம்மாவுக்கு 66 வயது. ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனைப் பக்கம். முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். இரண்டு முழங்கால் முட்டும் தேய்ந்து கால் வில்லாக வளைந்துவிட்டது, சர்க்கரையும் உண்டு. திருவனந்தபுரத்தில் பார்த்த மருத்துவர் ரோபோவில் செய்தால் துல்லியமாக இருக்கும் என்கிறார். அதற்கு ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதலாக ஆகுமாம். நாகர்கோவிலில் பார்த்த மருத்துவர் ரோபோ எதற்கு, கையாலேயே நன்றாகச் செய்யலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

தம்பி, முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். நான் அறுவை மருத்துவர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் வட்டாரத்தில் வீடு வீடாகப் போய், முட்டு மாற்றியவர்களை நடக்க வைப்பது இருபது வருடத்துக்கு மேலாக என் தொழில். ரோபோவில் செய்துகொண்டு வந்தவர்களையும் கையால் செய்துகொண்டு வந்தவர்களையும் ஒரே வாரத்தில் பார்ப்பேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் என் வேலை தொடங்கும் என்பதால், தியேட்டருக்குள் நடப்பதைவிட வீட்டுக் கட்டிலில் நடப்பதற்கு நான் அதிக எடை கொடுப்பேன். அதைக் கழித்துவிட்டு இதைப் படியுங்கள்.

என் பதில்: அம்மாவுக்குத் தொடை எலும்பில் பழைய முறிவோ, அதிக வளைவோ, உள்ளே கம்பியோ பிளேட்டோ இல்லையென்றால், ரோபோவுக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ரோபோ ஆப்பரேஷன் என்று ரோட்டோரப் பேனரில் பார்க்கிறவர்கள், டாக்டர் ஓரமாக நிற்க இயந்திரமே காலைத் திறந்து மூடும் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. கர்ப்பப்பை, புரோஸ்டேட் அறுவைகளுக்குப் பயன்படும் டாவின்சி என்ற ரோபோ வேறு இனம். அங்கே மருத்துவர் தள்ளி உட்கார்ந்து, திரையைப் பார்த்து இயந்திரக் கைகளை இயக்குவார். முட்டு அறுவையில் மருத்துவர் காலருகில்தான் நிற்பார். தோலைக் கீறுவது, மூட்டைத் திறப்பது, புது மூட்டைச் சிமெண்ட் வைத்துப் பொருத்துவது, தையல் போடுவது எல்லாம் கை வேலை. எலும்பை அளந்து சீவும் கட்டத்துக்கு மட்டும்தான் ரோபோ வருகிறது. கீறல் சின்னதாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தழும்பு ஏறக்குறைய அதே நீளம்தான். சிலருக்கு ஆணி அடித்த இடத்தில் இரண்டு சின்னத் தழும்பு கூடுதலாகவே இருக்கும்.

எந்த ஆணி என்பதைச் சொல்வதற்கு முன், வழக்கமான முறையைச் சொல்ல வேண்டும். முட்டை மாற்றுவது என்கிறோமே தவிர, முழு மூட்டையும் வெட்டி எடுப்பதில்லை. தொடை எலும்பின் கீழ் நுனியிலும் கீழ்க்கால் எலும்பின் மேல் நுனியிலும் தேய்ந்த பரப்பை 8, 10 மில்லிமீட்டர் அளவுக்குச் சீவுகிறார்கள். மேலே கோபால்ட் குரோமியத்தில் செய்த ஒரு தொப்பி, கீழே ஓர் உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே பாலிஎத்திலீன் என்ற கெட்டியான பிளாஸ்டிக். பல்லுக்கு கேப் போடுவது போலத்தான். சீவும் கோணம்தான் முக்கியம். இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு நூல் பிடித்தால் அது முட்டின் நடுவே போக வேண்டும், 3 டிகிரி இப்படி அப்படி இருக்கலாம் என்பது வெகுநாள் கணக்கு. இதற்காகத் தொடை எலும்பின் நுனியில் துளை போட்டு, உள்ளே நீளமாக ஒரு கம்பியைச் செருகி, அந்தக் கம்பியை ஆதாரமாக வைத்து, ரம்பத்துக்கு வழிகாட்டும் வெட்டும் அச்சைப் பொருத்துவார்கள். ஆசாரி மட்டம் பிடிக்கிற மாதிரி. நல்ல ஆசாரி கையில் மட்டம் தப்பாது. ஆனால் மரமே வளைந்திருந்தால் அவருக்கும் கஷ்டம்தான்.

ரோபோவில் அந்தக் கம்பி இல்லை. அதற்குப் பதில் தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் ஆணிகள் அடித்து, அவற்றின் மேல் சின்னச் சின்ன அடையாளக் குமிழ்கள் வைத்த சட்டத்தை மாட்டுவார்கள். அறையில் ஒரு அகச்சிவப்புக் கேமரா அந்தக் குமிழ்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கால் அசைந்தால் திரையில் உள்ள எலும்பும் அசையும். யாராவது குறுக்கே நின்று கேமராவை மறைத்தால் வேலை நின்றுவிடும். பிறகு மருத்துவர் ஒரு முனையால் எலும்பின் மேல் பல புள்ளிகளைத் தொட்டுத் தொட்டு, இதுதான் இந்தக் கால் என்று இயந்திரத்துக்கு அறிமுகம் செய்து வைப்பார். மேக்கோ, குவிஸ் மாதிரி இயந்திரங்களுக்கு முன்கூட்டியே சி.டி. ஸ்கேன் எடுத்து எலும்பின் முப்பரிமாணப் படம் கொடுத்திருப்பார்கள். கோரி, வேலிஸ் போன்றவற்றுக்கு ஸ்கேன் தேவையில்லை, மேசையிலேயே தடவிப் படம் போட்டுக்கொள்ளும்.

இதுவரை சொன்னது வெறும் அளவெடுப்பு. ரோபோவின் உண்மையான பயன் என்று எனக்குப் படுவது அடுத்த கட்டம். முட்டின் இரண்டு பக்கமும் தசைநார்கள் இருக்கின்றன. வில் கால்காரர்களுக்கு உள்பக்க நார் சுருங்கி, வெளிப்பக்க நார் தொய்ந்து கிடக்கும். எலும்பைச் சரியாகச் சீவினாலும் இந்த இரண்டு இழுவையும் சமமாக இல்லையென்றால் புது முட்டு ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் ஆட்டமாகவும் இருக்கும். கால் நீட்டும்போது சரியாக இருந்து, மடக்கும்போது தளர்ந்துவிடுவதும் உண்டு. மாடிப்படி இறங்கும்போது முட்டு விட்டுப்போகிற மாதிரி இருக்கு என்று சிலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கையால் செய்பவர் இந்த இழுவையைத் தன் விரலால், அனுபவத்தால் உணர்கிறார். ரோபோவில் காலை நீட்டியும் மடக்கியும் பக்கவாட்டில் இழுத்தும் பார்த்தால், உள்பக்கம் இத்தனை மில்லிமீட்டர், வெளிப்பக்கம் இத்தனை என்று திரையில் எண் வரும். ஒரு டிகிரி சாய்த்தால், ஒரு மில்லிமீட்டர் கீழே இறக்கினால் அந்த எண் எப்படி மாறும் என்பதையும் எலும்பில் கத்தி வைக்கும் முன்பே பார்த்துவிடலாம். வெட்டிய எலும்பை ஒட்ட முடியாது என்பதால் இது சின்ன வசதி இல்லை.

வெட்டுவதில் ஒவ்வொரு இயந்திரமும் ஒரு மாதிரி. ஸ்ட்ரைக்கர் நிறுவனத்தின் மேக்கோவில் ரம்பத்தை மருத்துவர்தான் பிடிப்பார், குறித்த எல்லையைத் தாண்டப் போனால் இயந்திரக் கை விடாது. ரோசா என்ற இயந்திரத்தில் ரோபோ வெட்டும் அச்சைச் சரியான இடத்தில் அசையாமல் பிடித்துக்கொள்ளும், அறுப்பது மருத்துவரின் சொந்த ரம்பம். கொரியாவிலிருந்து வந்த குவிஸ் திட்டமிட்டபடி தானே செதுக்கும், மருத்துவர் நிறுத்தும் பொத்தானோடு கவனித்துக்கொண்டிருப்பார். குஜராத்தின் வாபியில் இருக்கும் மெரில் நிறுவனம் 2024ல் மிஸ்ஸோ என்ற இந்தியத் தயாரிப்பையும் கொண்டுவந்திருக்கிறது. எந்த இயந்திரம் என்பதை நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் ரோபோ அந்த நிறுவனத்தின் மூட்டை மட்டும்தான் பொருத்தும். ரோபோவைத் தேர்ந்தெடுக்கும்போதே மூட்டையும் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள்.

சரி, இவ்வளவு துல்லியம் இருக்கிறதே, நோயாளிக்கு என்ன கிடைத்தது? இங்கேதான் பேனருக்கும் ஆய்வுக்கும் தூரம் இருக்கிறது.

எக்ஸ்ரேயில் கால் நேராக வருவதில் ரோபோவுக்குத்தான் வெற்றி. குறித்த கோணத்தை விட்டு விலகிப்போகும் முட்டுகள் ரோபோவில் குறைவு என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆனால் அமெரிக்காவின் மேயோ கிளினிக் 398 முட்டுகளை 15 ஆண்டு பின்தொடர்ந்து 2010ல் ஒரு முடிவு வெளியிட்டது. அந்த 3 டிகிரிக்குள் இருந்தவையும் வெளியே போனவையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் உழைத்திருந்தன. தென் கொரியாவில் ஒரே அறுவை மருத்துவர், பாதிப் பேருக்கு ரோபோவாலும் மீதிப் பேருக்கு வழக்கமான முறையிலும் செய்து, குறைந்தது 10 ஆண்டு பொறுத்து 2020ல் கணக்கு சொன்னார். வலியிலும் நடையிலும் மூட்டு தளர்வதிலும் வித்தியாசம் இல்லை. அது ரோபோடாக் என்ற பழைய இயந்திரம், இப்போதுள்ளவை வேறு என்று ரோபோக்காரர்கள் சொல்வார்கள். அது நியாயமான பேச்சுதான். மேக்கோவுக்கு முழு முட்டு மாற்றும் அனுமதியே அமெரிக்காவில் 2015ல்தான் கிடைத்தது, அதன் இருபது வருடக் கணக்கு வர இன்னும் காலம் இருக்கிறது.

இதையும் சேர்த்துப் பாருங்கள். ஆஸ்திரேலியா, ஃபின்லாந்து நாடுகளின் மூட்டு மாற்றுப் பதிவேடுகளை வைத்து 2019ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்கின்படி, முழு முட்டு மாற்றியவற்றில் 82 சதவீதம் 25 ஆண்டுக்குப் பிறகும் வேலை செய்துகொண்டிருந்தன. இருபத்தைந்து ஆண்டு ஓடியவை என்றால் அவை கையால் பொருத்திய முட்டுகள். நாகர்கோவில் மருத்துவர் கையாலேயே நன்றாகச் செய்யலாம் என்றதில் பொய்யில்லை.

அப்படியானால் ரோபோவை யாருக்குச் சொல்வேன்? முன்பு பைக் விபத்தில் தொடை எலும்பு முறிந்து உள்ளே கம்பி போட்டவர்களுக்கு. அங்கே வழக்கமான அளவுக் கம்பி நுழையவே வழியில்லை. நம் மாவட்டத்து ரோடுகளின் புண்ணியத்தில் இப்படிப்பட்டவர்கள் குறைவில்லை. முறிந்த எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டவர்களுக்கும், தொடை எலும்பே பிறவியில் அதிகமாக வளைந்தவர்களுக்கும் சொல்வேன். முட்டின் உள்பாதி மட்டும் தேய்ந்து, அந்தப் பாதியை மட்டும் மாற்றுகிறவர்களுக்கும் சொல்வேன், ஏனென்றால் அதில் தப்புக்கு இடம் குறைவு. மேக்கோ 2006ல் தொடங்கியதே அந்தப் பாதி முட்டு வேலையில்தான். உங்கள் அம்மாவின் கால் வில்லாக இருப்பது முட்டில் மட்டுமா, தொடை எலும்பிலுமா என்பது இடுப்பு முதல் கணுக்கால் வரை நின்றபடி எடுக்கும் நீள எக்ஸ்ரேயில் தெரியும். அந்தப் படம் எடுத்தார்களா என்று கேளுங்கள். எடுக்காமலே ரோபோ அவசியம் என்று சொல்லியிருந்தால், எதை வைத்துச் சொன்னார்கள் என்றும் கேளுங்கள்.

ரோபோவில் தீங்கே இல்லையா என்றால், சின்னதாக உண்டு. ஆணி அடித்த துளையில் பின்னர் எலும்பு விரிசல் விடுவது அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது. பழகாத கையில் அறுவை நேரம் நீளும். புதிதாக இயந்திரம் வாங்கிய இடத்தில் முதல் சில பத்துப் பேரில் ஒருவராக உங்கள் அம்மா இருக்க வேண்டாம்.

பணத்துக்கு வருவோம். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முட்டு மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு போட்டது. அதுவரை ஒன்றரை லட்சத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்த சாதாரண கோபால்ட் குரோமிய மூட்டு, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு வந்தது. பிறகு கொஞ்சம் மாறியிருக்கும். ஆனால் அந்த வரம்பு மூட்டுக்கு மட்டும்தான். ரோபோ கட்டணம், ஸ்கேன், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளேடு, உறை இவற்றுக்கெல்லாம் அந்த வரம்பு இல்லை. அதனால் பில்லைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்கள் மெடிக்கல் இன்சூரன்ஸ் போட்டிருந்தால், ரோபோ அறுவை உட்பட 12 நவீன சிகிச்சைகளைப் பாலிசியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ 2019ல் சொல்லியிருக்கிறது. ஆனால் இத்தனை ரூபாய்தான் தருவோம் என்று உள்வரம்பு வைக்கலாம். முட்டு மாற்றுக்கென்று தனியாகக் காத்திருப்புக் காலமும் பல பாலிசிகளில் உண்டு. இரண்டையும் முன்கூட்டியே பாருங்கள். அம்மாவிடம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒருமுறை விசாரிக்காமல் பணத்தை எடுக்காதீர்கள். மகன் வெளிநாட்டில் இருக்கும்போது அம்மா அரசு ஆஸ்பத்திரிக்குப் போவதா என்ற ரோசம் எனக்குத் தெரியும். அதை ஓரமாக வையுங்கள்.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்கச் சொல்வது நேரடியான கேள்விகள். வாரத்துக்கு எத்தனை முட்டு செய்கிறீர்கள், ரோபோவோ கையோ? இயந்திரம் நடுவில் மக்கர் பண்ணினால் கையால் முடித்துவிடுவீர்களா? கிருமி பிடித்தால் மறுபடி நீங்களே பார்ப்பீர்களா? மறுநாளே நடக்க வைக்க யார் வருவார்கள்? நல்ல மருத்துவர் இதற்கெல்லாம் கோபிக்க மாட்டார்.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். அருமனையிலிருந்து திருவனந்தபுரம் நாகர்கோவிலைவிட அப்படி ஒன்றும் தூரம் இல்லை, களியக்காவிளை தாண்டினால் போதும். ஆனால் தையல் பிரிக்க, காயத்தில் ஈரம் கசிந்தால் காட்ட, ஆறாவது வாரம் பார்க்க என்று திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும். நீங்கள் மஸ்கட்டில், கூட்டிப் போவது யார்?

இனி என் பக்கம். ஆப்பரேஷன் தேதி குறிப்பதற்கு முன்னால் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். மூன்று மாதச் சர்க்கரை எனப்படும் எச்பிஏ1சி 8க்கு மேல் இருந்தால் பல மருத்துவர்கள் தள்ளிப்போடுவார்கள், அது சரியும்கூட. அடுத்து, அம்மாவின் பாதத்தைப் பாருங்கள். தோட்டத்தில் செருப்பில்லாமல் நடந்த காலில் பித்தவெடிப்பும் விரலிடுக்கில் சேற்றுப்புண்ணும் இருக்கும். அதன் வழியாகப் போகும் கிருமி புது முட்டில் போய் உட்கார்ந்தால், எந்த ரோபோவாலும் காப்பாற்ற முடியாது. சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று இரண்டுக்கும் இதே பேச்சுதான். இரண்டு முட்டையும் ஒரே நாளில் செய்வதா என்பதை இதய மருத்துவரும் மயக்க மருந்து மருத்துவரும் சொல்லட்டும். ஒரே செலவில் முடியுமே என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.

அப்புறம் வீட்டுக்கு வந்த பின். ஒரு ரிட்டயர்டு டீச்சர், ரோபோவில் அருமையாகச் செய்திருந்தார்கள், எக்ஸ்ரே பார்த்தால் புத்தகத்தில் போடலாம். ஐந்து வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் முட்டுக்கு அடியில் தலையணை. மகள் பாசமாக வைத்தது. மடங்கினபடியே கிடந்ததில் கால் முழுசாக நீளவில்லை, நடக்கும்போது நொண்டல். அதைச் சரிசெய்ய நாங்கள் இரண்டு பேரும் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதே மாதம் குளச்சலில் ஒரு பாட்டா, அரசு ஆஸ்பத்திரியில் கையால் செய்தது, வலியைத் திட்டிக்கொண்டே தினமும் குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து முட்டைக் கீழே அழுத்துவார். ஆறாவது வாரம் வாக்கரை மூலையில் போட்டுவிட்டு மீன் ஏலம் பார்க்கப் போய்விட்டார். இதை வைத்து ரோபோ தோற்றது என்று எழுத மாட்டேன், ஆள் மாறியிருந்தால் கதையும் மாறியிருக்கும். ஆனால் தலையணை குதிகாலுக்கு அடியில்தான் இருக்க வேண்டும், முட்டுக்கு அடியில் கூடாது. இதை அம்மாவோடு இருக்கப் போகிறவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். இரண்டு வாரத்தில் கால் நேராக நீளவும் 90 டிகிரி மடங்கவும் வேண்டும். மூன்று மாதத்தில் 110, 120 வந்தால் நல்லது.

நம் ஊரில் வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசான்மாரிடம் எண்ணெய் போட்டுத் தடவும் பழக்கம் உண்டு. எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு, என் தாத்தாவின் இறங்கிய தோளை ஏற்றிவிட்டவர் ஓர் ஆசான்தான். ஆனால் முட்டு மாற்றிய காலில், முக்கியமாகக் கெண்டைச் சதையில், யாரும் அழுத்தித் தடவக் கூடாது. உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் அது கிளம்பி நுரையீரலுக்குப் போகலாம். கெண்டை வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால் நேரே ஆஸ்பத்திரிதான். மற்றபடி, தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துப்போவது, சில மாதம் முட்டு சூடாக இருப்பது, நடக்கையில் டக் டக் என்று சத்தம் வருவது எல்லாம் சாதாரணம், பயப்பட வேண்டாம்.

குத்த வைத்து உட்காருவதை மறந்துவிட வேண்டும். அதிகம் மடங்கும் மாடல் என்று விலை கூட்டிச் சொன்னாலும் அது குத்த வைக்கத் தரும் உத்தரவாதம் இல்லை. கோயிலில் முட்டுக்குத்தி ஜெபிக்கலாமா என்று மார்த்தாண்டம் பக்கம் எல்லாரும் கேட்பார்கள். காயம் நன்றாக ஆறிய பிறகு, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, மெத்தை மேல் மெதுவாக முயலலாம். முட்டு உடையாது. ஆனால் அந்த மரத்த தோலில் ஊன்றுவது பலருக்குப் பிடிப்பதில்லை, நாற்காலியில் உட்கார்ந்தே ஜெபிக்கிறார்கள்.

பால் வெட்டப் போக முடியுமா என்று அம்மா கண்டிப்பாகக் கேட்பார். சமதளத்தில் எத்தனை நேரம் வேண்டுமானாலும் நடக்கலாம். சரிவில், மழை நனைந்த சருகில், இருட்டில் இறங்குவதை நான் விடமாட்டேன். வெட்டுக்கு ஆள் வையுங்கள், ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையில் நின்று மேற்பார்க்கட்டும். அருமனைப் பக்கத்து வீடுகள் மேட்டிலும் பள்ளத்திலுமாக இருக்கும், அந்தக் கொட்டகைக்கு இறங்கப் படி இருக்குமே, அதற்கு ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பியும், கக்கூசில் யூரோப்பியன் கிளாசெட்டும் போட இந்த வாரமே மேஸ்திரியைப் பிடியுங்கள். ஆப்பரேஷன் முடிந்து ஆள் வீட்டுக்கு வந்த பிறகு சிமெண்ட் காயக் காத்திருக்க முடியாது.